உங்களுக்குத் தெரியுமா? பயிற்சி பாதியில் நின்றவர்களின் வெளிநாட்டு மாரத்தான்

குலுக்கலில் பெயர் விழுந்துவிடுகிறது. பணம் கட்டியாயிற்று, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதன் பிறகுதான் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், ஆபீசில் ஆடிட் வரும், கணுக்கால் பிசகும். பதினாறு வார அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். அப்படிப்பட்டவர்களை நினைத்துத் தொகுத்த துணுக்குகள் இவை.

◆ 2018 ஏப்ரல் 16, பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று, உறையாத குறையாகக் குளிர். கென்யா, எத்தியோப்பியா நாட்டு நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, ஆண்கள் பிரிவில் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி. அப்போது அவர் சைதாமா மாகாணத்தில் பள்ளி அலுவலகம் ஒன்றில் முழுநேர அரசு ஊழியர். பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ். அது அவருடைய இரண்டாவது மாரத்தான்தான். அதிகாலை நான்கு மணிக்கு, இல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்த பிறகு என்று பயிற்சி செய்தவர்.

அன்று பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டனின் கதை இன்னும் சுவையானது. ஆரம்ப மைல்களிலேயே உடம்பு ஒத்துழைக்கவில்லை. விலகிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். விலகும் முன் யாருக்காவது உதவலாமே என்று, கழிப்பறைக்கு ஒதுங்கிய சக வீராங்கனை ஷலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மறுபடியும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அதற்குள் உடம்பு சூடு பிடித்துவிட்டது. 1985க்குப் பிறகு பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

◆ கவாவுச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் முன்னணி ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நிறுவன அணிகளில் இருப்பவர்கள். காலை, மாலை இரு வேளையும் ஓடுவார்கள். இவருக்கோ அலுவலக நேரம் போக ஒரு வேளைதான். அதனால் போட்டிகளையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். 2013 ஜனவரியில் எகிப்தின் லக்சர் மாரத்தானுக்குக் கிளம்பியவர், பாஸ்போர்ட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். விமானம் போய்விட்டது. சொந்தப் பணத்தில் வேறு டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்து, ஓடி, வென்று, அந்தப் போட்டியின் சாதனை நேரத்தையும் முறியடித்தார்.

◆ இரண்டு வாரம் ஓடவில்லை என்றால் எவ்வளவு போகும்? பயந்த அளவுக்குப் போகாது. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. சில நாட்களிலேயே அது குறைந்து, பழைய வேகத்திலேயே இதயம் கூடுதலாகத் துடிக்கும். ‘எல்லாம் போச்சு’ என்று தோன்றுவது இதனால்தான். ஓட ஆரம்பித்தால் அது சீக்கிரமே திரும்பியும் வரும். பத்து நாள் வரையிலான இடைவெளியில் உடலின் ஆக்சிஜன் கொள்திறன் பெரிதாக இறங்குவதில்லை. நான்கு வாரம் தாண்டினால் இழப்பு நன்றாகவே தெரியும்.

விட்டுப்போன கிலோமீட்டர்களைக் கடைசி மூன்று வாரத்தில் வட்டியும் முதலுமாகக் கட்டப் பார்ப்பதுதான் ஆபத்து. அந்த வாரங்களில் சேர்க்கிற தூரம் போட்டி நாளுக்குள் பலமாக மாறாது, வலியாக மட்டுமே மாறும். விட்டது விட்டதுதான் என்று வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தை மட்டும் கைவிடாமல் காப்பாற்றுங்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து கிலோமீட்டர் போனால் போகட்டும்; ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் போகக் கூடாது.

◆ சென்னைவாசிக்கு டோக்கியோ மாரத்தான் ஒரு வகையில் வசதி. அங்கே காலை ஒன்பது மணி என்பது நம் ஊரில் ஐந்தரை மணி. ஈ.சி.ஆரிலும் மெரினாவிலும் தினமும் ஓடுகிற நேரமேதான்! எழுந்திருக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். நியூயார்க் நேரெதிர். நவம்பர் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் இந்திய நேரம் இரவு ஏழரை. உடம்பு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயாராகும் நேரத்தில் 42.195 கிலோமீட்டரைத் தொடங்க வேண்டும். உடல் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் நேர இலக்கு வைக்க வேண்டும். ஓர் ஆறுதல் உண்டு: அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் நாளும் அதே நவம்பர் முதல் ஞாயிறுதான். அன்று எல்லோருக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல்.

◆ வெளிநாட்டுப் பயணமே பயிற்சியைத் தின்றுவிட்ட கதைகளில் ஷிசோ கனகுரியின் கதைக்கு ஈடில்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக்ஸ் அது. போனவர்கள் இரண்டே வீரர்கள். இருபது வயது மாணவரான கனகுரியின் பயணச் செலவுக்கு உடன் படித்தவர்கள் பணம் திரட்டினார்கள். விளாடிவோஸ்டாக் வரை கப்பல், அங்கிருந்து சைபீரிய ரயில். வழியில் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல். ரயில் நிற்கும் நிலையங்களில் இறங்கி ஓடியதுதான் பயிற்சி. போய்ச் சேர்ந்தால் அங்கே கோடையில் ராத்திரியிலும் வெளிச்சம், தூக்கம் பிடிக்கவில்லை. கூட வந்த பயிற்சியாளரோ நோயாளி, படுத்த படுக்கையாகிவிட்டார். காலில் இருந்தது ஜப்பானியர் அணியும் ‘தபி’ என்ற துணிக் காலணி.

ஜூலை 14, போட்டி நாள். ஸ்வீடனுக்குப் பழக்கமே இல்லாத வெயில், முப்பது டிகிரிக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ பாதையில் விழுந்து, மறுநாள் இறந்தே போனார். கனகுரி பாதி தாண்டி மயங்கிச் சரிந்தபோது, வழியோரத் தோட்டத்தில் விருந்தாளிகளோடு இருந்த ஒரு குடும்பம் அவரைத் தாங்கிப் பிடித்துப் பழரசம் கொடுத்தது. தெளிந்து எழுந்தவர், அவமானம் தாங்காமல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். அவர் விலகிய செய்தி போட்டி அதிகாரிகளின் ஏட்டில் ஏறவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய கனகுரி சும்மா இருக்கவில்லை. மேலும் இரண்டு ஒலிம்பிக்ஸில் ஓடினார். 1920இல் தொடங்கிய ஹாகோனே எகிடென் என்ற பல்கலைக்கழகத் தொடர் ஓட்டத்துக்கு வித்திட்டவர்களில் அவர் முக்கியமானவர்; இன்றும் புத்தாண்டில் ஜப்பானே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும் ஓட்டம் அது. 1967இல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் தேடி அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். எழுபத்தைந்து வயதில், கோட்டும் டையுமாக ஸ்டாக்ஹோம் மைதானத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.379 விநாடி. இடையில் கல்யாணமாகி ஆறு குழந்தைகளும் பத்துப் பேரக்குழந்தைகளும் பிறந்துவிட்டதை அன்று அவரே குறிப்பிட்டார்.

◆ ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது இடைவெளி விட வேண்டும். பெர்லின், பாரிஸ், ஏதென்ஸ் மூன்றுக்கும் இதே விசாதான். பயிற்சி தடுமாறும்போது பலரும் ‘போகலாமா வேண்டாமா என்று பிறகு பார்ப்போம்’ என்று விசா வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் விசாவை வாங்கிக்கொண்டு, பிறகு யோசியுங்கள். இத்தாலியில் ஓடுவதானால் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். கடைசி வாரத்தில் டாக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

◆ உங்கள் நம்பர் பட்டையை நண்பர் வாங்கிவைக்க முடியாது. பெரிய மாரத்தான்களில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஓடுகிறவரே நேரில் வாங்க வேண்டும். போட்டி நாளன்று காலையில் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். இணைப்பு விமானம் தவறினால் ஓட்டமும் தவறிவிடும் என்பதால், சனிக்கிழமை மாலை இறங்கும் டிக்கெட் வேண்டவே வேண்டாம். ஷூ, ஓடும் உடை, பழகிய ஜெல் இவை கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டி தொலைந்தால் சட்டை வாங்கிக்கொள்ளலாம். காலுக்குப் பழகிய ஷூ எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜெல் திரவக் கணக்கில் வரும் என்பதால் 100 மில்லி விதியை மறக்க வேண்டாம்.

◆ ஜலதோஷ மாத்திரையோடு டோக்கியோ போகிறவர்கள் கவனத்துக்கு: சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. எந்தத் தெருமுனைக் கடையிலும் ஓனிகிரி என்ற சோற்று உருண்டை கிடைக்கும். நம் வயிற்றுக்குப் பழகிய அரிசிச் சோறு, ஓட்டத்துக்கு வேண்டிய மாவுச்சத்து.

◆ 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸுக்குக் கியூபாவிலிருந்து புறப்பட்ட தபால்காரர் ஃபெலிக்ஸ் கர்வஹால், திரட்டிய பணத்தையெல்லாம் நியூ ஆர்லியன்ஸில் சூதாட்டத்தில் தொலைத்தார் என்பார்கள். மீதி தூரத்தை நடந்தும் வழியில் வந்த வண்டிகளில் தொற்றியும் கடந்து, முழுக்கால் சட்டையோடு வந்து நின்றார். ஒருவர் கத்திரிக்கோலால் அதை முழங்காலோடு வெட்டிவிட்டார். பசிக்குத் தோட்டத்து ஆப்பிளைப் பறித்துத் தின்று வயிற்றுவலி வந்தும், நான்காவதாக முடித்தார். 32 பேர் தொடங்கி 14 பேர் மட்டுமே முடித்த ஓட்டம் அது!

◆ எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மாரத்தான் ஓட ஏறக்குறைய 3,000 கலோரி செலவாகும். ஈரலிலும் தசையிலும் சர்க்கரையாகச் சேர்ந்திருப்பது 2,000 கலோரி அளவுதான். மிச்சத்தைக் கொழுப்பிலிருந்து எடுக்க வேண்டும். கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் திடீரெனக் கால் ஈயமாவதற்குப் பெரிய காரணம் இது. வேகம் குறையக் குறைய உடம்பு கொழுப்பை அதிகமாகவும் சர்க்கரையைக் குறைவாகவும் எடுக்கும். எனவே பயிற்சி குறைந்தவருடைய பெரிய ஆயுதம் முதல் பத்துக் கிலோமீட்டரின் நிதானம்தான். ஆரம்பக் கூட்டமும் மேளமும் கைதட்டலும் இழுத்துக்கொண்டு ஓடும். இழுபடாதீர்கள்.

◆ நடந்தால் மாரத்தான் இல்லை என்று யார் சொன்னது? 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, சில நிமிடம் ஓட்டம், சிறிது நடை என்று தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிப் போகும் முறையை உலகெங்கும் பரப்பினார். இதில் முக்கியமான சொல் ‘தொடக்கத்திலிருந்தே’. களைத்த பிறகு நடப்பது வேறு. களைக்காமலிருக்க நடப்பது வேறு. பயிற்சி பாதியில் நின்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

◆ எவ்வளவு நேரம் தருவார்கள்? பெர்லினில் 6 மணி 15 நிமிடம்; கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 53 விநாடி. சிகாகோவில் ஆறரை மணி. டோக்கியோவில் ஏழு மணி, அதாவது கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் டோக்கியோவில் நேரம் துப்பாக்கி வெடித்ததிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டை எட்டுவதற்குள்ளேயே பல நிமிடங்கள் கரையும். வழியிலும் ஆங்காங்கே கெடு உண்டு. பிந்தினால் ஓரமாக நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். டிசம்பரில் நடக்கும் ஹொனலுலு மாரத்தானுக்குக் கெடுவே கிடையாது. காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது, எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். வாழ்க்கை அடிக்கடி குறுக்கே வருகிறவர்கள் முதல் வெளிநாட்டு ஓட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கலாமே.

◆ நியூயார்க் மாரத்தானில் ஓட்டத்துக்கு முன் ஒரு காத்திருப்பு உண்டு. தொடங்கும் இடம் ஸ்டேட்டன் தீவு. விடியுமுன் படகிலும் பஸ்ஸிலும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு திறந்த வெளியில் சில மணி நேரம். புல்லில் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் காப்பிக் கோப்பையைச் சூடாகப் பிடித்திருப்பார்கள். கூப்பிட்டதும் ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பெட்டிகளில் விழும். அவை அறக்கொடைக்குப் போகும். ஊரிலிருந்து கிளம்பும்போது, திரும்பி வராவிட்டாலும் வருந்தாத ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

◆ 2012இல் சாண்டி புயல் அடித்து, நியூயார்க் மாரத்தான் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு வெள்ளிக்கிழமை ரத்தானது. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் பலர் அதற்குள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். ஏமாற்றம் எவ்வளவு இருந்திருக்கும்! ஞாயிறு காலை, நூற்றுக்கணக்கானோர் முதுகுப்பையில் போர்வை, உணவு, பேட்டரி என்று அடைத்துக்கொண்டு ஸ்டேட்டன் தீவில் புயலில் வீடிழந்த தெருக்களுக்கு ஓடியே போய்க் கொடுத்தார்கள். இன்னும் பலர் சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிச் சுற்றி, தங்கள் 42 கிலோமீட்டரைத் தாங்களாகவே ஓடி முடித்தார்கள்.

◆ மெதுவாக ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து, தண்ணீர் குறைவதைவிட மிகுவது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தவர்களே அதிகம் அகப்பட்டார்கள். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தது முக்கியமான அறிகுறி. தாகத்துக்குக் குடித்தால் போதும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவதும் வேண்டாம். சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படும் வேளை அது.

◆ 1984 அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குப் பதினேழு நாள் முன்பு ஜோன் பெனாய்ட்டுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. தகுதிப் போட்டியில் வென்றார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் தங்கமும் அவருக்கே. 1964இல் டோக்கியோவுக்கு வந்த எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இவர்கள் பல்லாண்டு உழைப்பைச் சேமிப்பில் வைத்திருந்தவர்கள். நாம் இதைப் படித்து வியக்கலாம், பின்பற்றக் கூடாது.

◆ காய்ச்சலோடு ஓடாதீர்கள். இதில் சமரசமே கிடையாது. மூக்கு ஒழுகினால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சில் சளி, காய்ச்சல், உடம்பு வலி என்றால் வேண்டாம். வைரஸ் தொற்று இருக்கும்போது கடுமையாக ஓடினால் இதயத் தசை வீங்கும் அபாயம் இருக்கிறது. எத்தனை ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தாலும் சரி, அன்று தெருவோரம் நின்று கைதட்டிவிட்டு வாருங்கள். கெடு தேதிக்குள் எழுதிக் கேட்டால் சில போட்டிகள் அடுத்த ஆண்டுக்கு இடம் ஒதுக்கித் தருகின்றன. பதிவு செய்த அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். லண்டனில் 2026க்குக் குலுக்கலில் பெயர் கொடுத்தவர்கள் பதினோரு லட்சத்துக்கு மேல். கிடைத்த இடத்தை முறைப்படி விட்டுக்கொடுக்கத் தெரிவதும் முக்கியம்.

◆ நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் தன் முதல் மாரத்தானாக 2023 ஏப்ரல் 23ஆம் தேதி லண்டனைத் தேர்ந்தெடுத்தபோது, அதற்கு முந்திய மாதம் ரமலான். நோன்பு இருந்தபடியே பயிற்சி. போட்டியில் பாதி வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ள, ஓரமாக நின்று குனிந்து நிமிர்ந்து சரிசெய்துகொண்டார். முன்வரிசை வெகு தூரம் போய்விட்டது. ஓடும்போது தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் பழக்கமில்லாததால் அதிலும் தடுமாற்றம். அப்படியும் துரத்திப் பிடித்து, கடைசி நேரத்தில் முந்தி, 2 மணி 18 நிமிடம் 33 விநாடியில் வென்றார்.

◆ அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸிலும் மாரத்தான் தங்கம் வென்றார். அன்று கடைசியாக, எண்பதாவதாக, அவருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் வந்தவர் பூட்டானின் கின்சாங் லாமோ. சில இடங்களில் நடந்துதான் வந்தார். பாரிஸ் மக்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று, கூடவே நடந்தும் சைக்கிள் மிதித்தும் எல்லைக்கோடு வரை அழைத்துவந்தார்கள்.

◆ மாரத்தானுக்கு மறுநாள் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டும். ஓட்டத்தில் நுண்கிழிசல் கண்டதும் அதே தசைதான். பயிற்சி குறைந்தவர்களுக்கு இந்த வலி இன்னும் கூடுதல். ஓடிய அன்றிரவே ஊருக்கு விமானம் ஏறாமல் இருக்க முடிந்தால் நல்லது. பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் யாருக்கும் உண்டு. டிக்கெட் போடும்போதே நடைபாதையோர இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடங்கள்.